கடை திறக்கப்போகிறவளுக்கு

கண்ணு, பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை பிடித்துவிட்டாய், பெயர்ப்பலகைக்கும் சொல்லியாயிற்று என்று உன் அப்பா சொன்னான். சாலிடரிங்கிலும் ஹார்ட் டிஸ்க் மாற்றுவதிலும் நீ என்னைவிடக் கைதேர்ந்தவள். அதில் உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எழுதுவது ஒரேயொரு வகை வேலையைப் பற்றித்தான். எங்கிருந்தோ ஒருவன் உட்கார்ந்துகொண்டு உன் கஸ்டமரின் கம்ப்யூட்டரைத் தன்னுடையதைப் போல ஓட்டிக்கொண்டிருப்பான். ரிமோட் ஆக்சஸ் ட்ரோஜன், சுருக்கமாக ‘ராட்’ என்பார்கள். சில சமயம் ட்ரோஜன்கூட வேண்டாம். நாமே தினமும் பயன்படுத்துகிற எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவையே அவனுக்குப் போதும். திரை உடைந்து வருகிறவர் எரிச்சலோடு வருவார். இந்தத் தொல்லையோடு வருகிறவர் பயந்துபோய் வருவார். அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

1. முதலில் ஆளைக் கேள், பிறகு பெட்டியைத் திற. “மவுஸ் தானாக நகருது” என்று ஒருவர் வருவார். பெரும்பாலும் டச்பேடில் ஈரம் பட்டிருக்கும். இல்லையென்றால் பக்கத்து மேசைக்காரரின் வயர்லெஸ் மவுஸ் ரிசீவர் இவருடைய கம்ப்யூட்டரில் செருகியிருக்கும். சிரித்துவிடாதே. பயமுறுத்தவும் செய்யாதே. உள்ளே புகுந்தவன் மவுஸை ஆட்டித் தன்னைக் காட்டிக்கொள்வது அபூர்வம். சத்தமில்லாமல் அவர் தட்டுகிற எழுத்தைக் குறித்துக்கொள்வான், கேமராவைத் திறப்பான், கோப்புகளை நகலெடுப்பான். ஆகவே கேள்: எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முன்னால் புதிதாக என்ன இறக்கினீர்கள்? யாராவது போனில் பேசி எதையாவது போடச் சொன்னார்களா? வீட்டில் வேறு யார் இதைத் தொடுவார்கள்? பதில் ஒழுங்காக வந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கூட ஆட்கள் வந்திருந்தால் கம்ப்யூட்டருக்கு உரியவரைத் தனியாக உட்காரவைத்துக் கேள். மகன் முன்னால் அப்பாவும், அப்பா முன்னால் மகனும் முழு உண்மை சொல்லி நான் பார்த்ததில்லை.

2. பணம் போய்க்கொண்டிருந்தால் கம்ப்யூட்டர் காத்திருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவன் கேஒய்சி புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு ஆப்பை நிறுவச் சொல்லியிருக்கிறான், திரையில் தெரிந்த எண்ணை வாசிக்கச் சொல்லியிருக்கிறான், வாத்தியார் வாசித்துவிட்டார். லேப்டாப்பைச் சரிசெய்வதுதான் என் வேலை என்று நினைத்து நான் ஸ்கேன் போட்டுவிட்டு டீ சொல்லி அனுப்பினேன். ஸ்கேன் முடிவதற்குள் அவர் போனுக்கு இன்னொரு எஸ்எம்எஸ் வந்தது, இன்னொரு தொகை போனதாக. அன்றிலிருந்து என் வரிசை மாறிவிட்டது. வந்தவுடன் வைஃபையைத் துண்டி, வயர் இருந்தால் பிடுங்கு. பிறகு வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் அவரையே பேசச் சொல். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவுசெய்ய உதவு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி ஒன்றை மனப்பாடம் செய்துகொள்: வாடிக்கையாளரே அசட்டையாக ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால் வங்கியிடம் தெரிவிக்கும்வரை ஆன நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகு ஆவது வங்கியுடையது. அந்த ஒரு போன் அழைப்பு உன் ஸ்கேனைவிடப் பெரியது. புகாருக்கு முன்னால் எதையும் அழிக்காதே. திரையில் இருப்பதை உன் போனில் படமெடு. அந்த ஆப்பின் பெயர், நிறுவிய நேரம், தெரிகிற எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடு. ஃபார்மட் போட்டபின் போலீஸ் கேட்டால் உன்னிடமும் ஒன்றும் இருக்காது, அவரிடமும் இருக்காது.

3. ஏமாந்தவரைப் பார்த்து “இதைப்போய் நம்பினீங்களா?” என்று கேட்காதே. வீட்டில் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் வந்திருப்பார். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்துவிட்டது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதே தந்திரம் ஓடுகிறதென்றால், ஏமாறுகிறவர்கள் எல்லாரும் மடையர்கள் என்று அர்த்தமில்லை. பேசுகிறவன் அவ்வளவு பழகியிருக்கிறான்.

4. பெட்டிக்குள் கிடைப்பதை வைத்து ஆளை எடைபோடாதே. நீ பிறப்பதற்கு முந்தைய கதை இது. 1998 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் ஒரு அமெரிக்க ஹேக்கர் குழு ‘பேக் ஒரிஃபிஸ்’ என்ற ராட் நிரலை வெளியிட்டது. விண்டோஸ் எவ்வளவு பாதுகாப்பில்லாதது என்று காட்டுவதற்காம். அதற்குச் சில மாதம் முன்பே ஸ்வீடனில் ஒருவர் ‘நெட்பஸ்’ என்ற அதே வகை நிரலை எழுதிவிட்டிருந்தார். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களிலும் பையன்கள் அதை வைத்துப் பக்கத்து கம்ப்யூட்டரின் சிடி தட்டைத் திறந்து மூடி விளையாடினார்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் 1999-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த ஒருவருடைய கம்ப்யூட்டரில் குழந்தைகளின் ஆபாசப் படங்கள் கிடைத்தன. வேலை போயிற்று, பெயர் போயிற்று, நாட்டைவிட்டே போனார். அந்தப் படங்களை யாரோ நெட்பஸ் வழியே வைத்திருக்கலாம் என்று தெரிந்து நீதிமன்றம் அவரை விடுவித்தது 2004-இல். ஐந்து வருடம்! ஒரு கோப்பு தன்னை யார் வைத்தார்கள் என்று சொல்லாது. அப்படிப்பட்ட ஏதாவது உன் கண்ணில் பட்டால் நகலெடுக்காதே, யாருக்கும் அனுப்பாதே, அழிக்கவும் செய்யாதே. போலீசிடம் சொல், தீர்ப்பை அவர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் விடு. டீக்கடையில் வாய் திறந்துவிடாதே. நம் தொழிலில் நாக்குதான் முதலில் துருப்பிடிக்கும்.

5. எங்கிருந்தோ என்றேன், அந்த எங்கிருந்தோ பக்கத்து அறையாகவும் இருக்கலாம். 2014 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐயும் ஐரோப்பிய போலீசும் சேர்ந்து ‘பிளாக்ஷேட்ஸ்’ என்ற ராட்டை விற்றவர்களையும் வாங்கியவர்களையும் பிடித்தார்கள். கைதானவர்கள் 90-க்கு மேல். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் 5 லட்சத்துக்கு மேல். அதன் விலை என்ன தெரியுமா? சுமார் 40 டாலர். அந்தப் பணம் உள்ள எவனும் ஒருத்தியின் கேமராவைத் திறக்கலாம் என்ற நிலை. இன்று அந்தக் காசுகூட வேண்டாம். சில ராட்டுகளின் மூலநிரல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே இது மகா மேதைகளின் வேலை என்று நினைக்காதே. புருஷன் செய்வான், முன்னாள் காதலன் செய்வான், கடையில் கணக்கு எழுதுகிறவன் செய்வான்.

உன் கடைக்குப் பெண்கள் அதிகம் வருவார்கள், கண்ணு. என் கடைக்கு வந்து சொல்லத் தயங்கித் திரும்பிப் போனவர்களையும் சேர்த்து வருவார்கள். “நான் யார்கிட்ட என்ன எழுதினேன்னு அவருக்கு அப்படியே தெரியுது” என்று ஒருத்தி சொன்னால், உடனே கண்டுபிடித்து அழித்துக் கொடுத்து உன் திறமையைக் காட்டாதே. இணைப்பு அறுந்த நிமிஷமே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரிந்துவிடும். அதற்கான பதில் அவள் வீட்டில் நடக்கும். முதலில் ஒன்றைக் கேள்: “இதை எடுத்துட்டா இன்னிக்கு வீட்டுக்குப் போறதுல பயம் இருக்கா?” தலையாட்டினால் அதை அப்படியே விட்டுவை. அந்த லேப்டாப்பில் முக்கியமான எதையும் எழுத வேண்டாம், அவன் தொடாத ஒரு போனிலிருந்து அம்மா வீட்டுக்கோ பெண்கள் உதவி எண்ணான 181-க்கோ பேசட்டும் என்று சொல். எப்போது எடுப்பது என்பதை அவள் முடிவுசெய்யட்டும். இதே காரியத்துக்கு எதிர்ப்பக்கமிருந்தும் ஆள் வருவான். “என் பொண்டாட்டி லேப்டாப்பில் சும்மா ஒன்று போட்டுக் கொடுங்க, நாங்க குடும்பம்தானே” என்பான்; கேட்ட கூலியைவிட இரண்டு மடங்கு தருவான். உரிமையாளருக்குத் தெரியாமல் அவர் கம்ப்யூட்டருக்குள் நுழைவதும் நுழைய வைப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி குற்றம் என்று சொல்லி அனுப்பு. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யாதே.

6. தேடும்போது பெயரைக் கேட்காதே, ஊரைக் கேள். எல்லாக் கள்ளனும் நல்ல பெயரில்தான் வருவான். டாஸ்க் மேனேஜரில் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்று ஒன்று ஓடும். அது விண்டோஸின் சொந்தப் பிள்ளை. ஆனால் அது குடியிருக்க வேண்டியது சிஸ்டம்32 ஃபோல்டரில். அதே பெயர் ஆப்டேட்டாவிலோ டெம்ப்பிலோ உட்கார்ந்திருந்தால் அவன் வேறு ஆள். ஸ்டார்ட்அப் பட்டியல், சர்வீஸ்கள், டாஸ்க் ஷெட்யூலர் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார். மார்க் ருசினோவிச் எழுதிய ‘ஆட்டோரன்ஸ்’ இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும், மைக்ரோசாஃப்டின் சொந்தச் சரக்கை மறைத்துவிட்டுப் பார்க்கவும் வழி உண்டு. டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்து பார்க்க மறக்காதே: உள்ளே புகுந்தவன் முதல் வேலையாகத் தன் ஃபோல்டரை அதில் சேர்த்துவிடுவதுண்டு, அப்புறம் ஸ்கேன் எத்தனை முறை போட்டாலும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகும். விண்டோஸ் ஹோம் பதிப்புக்கு வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியே வர வசதியே கிடையாது. அதில் அது வேலை செய்துகொண்டிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

நெட்வொர்க்கையும் பார். டயல்-அப் காலத்து ராட் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துவிட்டு யஜமானன் வரக் காத்திருக்கும். பேக் ஒரிஃபிஸ் என்றால் 31337, நெட்பஸ் என்றால் 12345. வீட்டுக்கு வீடு ரௌட்டர் வந்தபின் வெளியாள் நேரே உள்ளே வர முடியவில்லை. அதனால் இப்போது ராட்டே உள்ளிருந்து யஜமானனுக்குப் போன் போடுகிறது. எது காத்திருக்கிறது என்பதோடு எது யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான். எல்லா பிரவுசரையும் மூடிவிட்டு நெட்ஸ்டாட் கட்டளையோ ‘டிசிபிவியூ’வோ போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார். அவசரப்பட்டால் தெரியாது, சில ராட் சில நிமிஷத்துக்கு ஒருமுறைதான் வாய் திறக்கும்.

7. தெரியாததை எல்லாம் கெட்டது என்று நினைக்காதே. என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன், கெட்டிக்காரன்தான், எம்பிராய்டரி யூனிட் ஒன்றின் கம்ப்யூட்டரில் கையொப்பமில்லாத ஒரு டிரைவரைப் பார்த்ததும் தூக்கி எறிந்துவிட்டான். அது தையல் டிசைன் மென்பொருளின் டாங்கிளுக்கு உரியது. மறுநாள் ஷிப்மென்ட், மெஷின் நின்றுவிட்டது. முதலாளி கத்திய கத்தல் அவிநாசி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். ஆட்டோரன்ஸில் டிக்கை மட்டும் எடுத்தால் நிரல் அடுத்த முறை தானாகக் கிளம்பாது, தவறென்றால் டிக்கைத் திரும்பப் போட்டுவிடலாம். அழிப்பதற்கு நாளைக்கும் நேரம் இருக்கிறது.

8. ‘சுத்தம்’ என்ற சொல்லைச் சிக்கனமாகச் செலவழி. ஸ்கேன் ஒன்றும் காட்டவில்லை என்றால் ஸ்கேனருக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை என்றுதான் பொருள். ஒரே ராட்டை நாளுக்கொரு உறையில் சுற்றித் தரவே தனிக் கருவிகள் விற்கிறார்கள். டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் நல்லது, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடும், கால் மணி நேரம் போலப் பிடிக்கும், போட்டுப் பார். ஆனால் ஒருவன் அட்மின் அதிகாரத்தோடு உள்ளே இருந்தான் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால், அவன் இன்னும் என்னென்ன விட்டுவைத்தான் என்று உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் விண்டோஸ் பென்டிரைவ் தயார்செய்து, பழைய பார்ட்டிஷன்களை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் நேர்மையான வழி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எப்படியும் போடுகிறாய், கம்ப்யூட்டர் தாங்குமென்றால் 11-ஐயே போடு. படங்கள், ஆவணங்களை மட்டும் எடுத்துவை. நிரல் கோப்புகள், ஷார்ட்கட்டுகள், மேக்ரோ உள்ள எக்செல் எதையும் திரும்ப ஏற்றாதே. ‘விலைப்பட்டியல்.பிடிஎஃப்’ என்று பெயர் காட்டும் கோப்பின் வாலில் ‘.இஎக்ஸ்இ’ ஒளிந்திருக்கும், விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்துவிடும், முதல் வேலையாக அதைக் காட்டச் சொல்லி வை. ஃபார்மட் வேண்டாம், சுத்தம் செய்தால் போதும் என்று கஸ்டமர் சொன்னால் செய்து கொடு. பில்லில் மட்டும் “நாங்கள் பார்த்தவரை எதுவும் தெரியவில்லை” என்று எழுது. அந்த வாக்கியத்தால் எனக்குச் சில கஸ்டமர்கள் போயிருக்கிறார்கள், போகட்டும்.

9. பெட்டியைக் கழுவியாயிற்று என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடாதே. அவன் ஏற்கெனவே எடுத்துப்போனது அவனிடம்தானே இருக்கிறது? பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்து மாற்றச் சொல், இமெயிலை முதலில். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும்படி அமைப்பில் அழுத்தச் சொல். திருடிய லாகின் சில சமயம் பாஸ்வேர்டே கேட்காமல் திறக்கும். மீட்பு போன் எண்ணும் மாற்று இமெயிலும் அவருடையதுதானா என்று பார். மறக்கவே கூடாதது, மெயில் ஃபார்வேர்டு. நம் ஊர் பனியன் ஏற்றுமதிக்காரர் ஒருவருடைய கம்ப்யூட்டரை வேறொரு கடையில் அருமையாகச் சுத்தம் செய்து கொடுத்திருந்தார்கள். ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள ஒவ்வொரு மெயிலையும் வெளியே அனுப்பும் விதி மட்டும் மெயில்பெட்டிக்குள் அப்படியே இருந்தது. சில வாரம் கழித்து ஐரோப்பாவிலிருந்த பையர், “வங்கிக் கணக்கு மாறிவிட்டது” என்று வந்த மெயிலை நம்பி, முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்பினார். மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

10. நம் கையில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துக்கொள். காசில்லாத கஸ்டமருக்கு உபகாரம் என்று ஆக்டிவேட்டரும் கிராக் செய்த மென்பொருளும் போட்டுக் கொடுக்கும் பென்டிரைவ் இல்லாத சர்வீஸ் கடையை எனக்குத் தெரியாது. “நிறுவும்முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்” என்று அதிலேயே எழுதியிருக்கும், நாமும் அணைப்போம்! திங்கட்கிழமை ராட்டை உள்ளே விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை அதை எடுக்கக் கூலி வாங்குகிற பிழைப்பு அது. டிஃபெண்டர் விண்டோஸோடே வருகிறது, லிபர்ஆஃபீஸ் இலவசம். கடிதம் அடிக்கவும் சம்பளப் பட்டியல் போடவும் அவை தாராளம்.

11. கோப்பைத் திறந்து பார்க்காதே. உன்னைத் தூங்கவிடாத ஆர்வம் வரும், வரட்டும். காப்பி ஆகும்போது படங்கள் சின்னச் சின்னதாகத் திரையில் தெரியாதபடி பட்டியல் வடிவத்துக்கு மாற்றிவிடு. கஸ்டமர் பக்கத்தில் இருந்தால் திரையை அவர் பக்கம் திருப்பி வை. சந்தேகமான கோப்பை வைரஸ்டோட்டலில் சோதிக்கலாம், ஆனால் அங்கே ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்கள் பலவற்றின் கைக்கும் போகும். ஒருவருடைய பத்திரத்தையோ சம்பளக் கணக்கையோ அப்படி ஏற்றிவிடாதே; கோப்பின் ஹாஷ் எண்ணை மட்டும் போட்டுத் தேடு, பெரும்பாலும் அதுவே போதும்.

12. நீ வீட்டிலிருந்தே கஸ்டமருக்கு உதவ உன் ரிமோட் ஆப்பைப் போடுவாய், எப்போது வேண்டுமானாலும் நுழைய ஒரு நிரந்தர பாஸ்வேர்டும் வைப்பாய். வசதிதான். நாளைக்கு அந்த பாஸ்வேர்டு எழுதிய டைரி தொலைந்தாலோ, வேலைக்கு வைத்த ஆள் கோபித்துக்கொண்டு போனாலோ, அத்தனை வீட்டுக் கதவும் ஒரே நாளில் திறந்துகொள்ளும். கேட்டு நுழை, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலையைச் செய், முடிந்ததும் அவர் கண்முன்னாலேயே ஆப்பை எடுத்துவிடு. போன மாதம் உன் பெரியம்மா லேப்டாப்பில் பிரிண்டர் சரிசெய்து கொடுத்தாயே, உன்னுடையது இன்னும் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றுதான் ஆட்டோரன்ஸில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது எடுத்துவிடு.